ஏழெட்டு வயசில் ஜெயிச்சா இதுதான் கதி

அமெரிக்காவில் டிவி பெட்டி வீட்டுக்கு வந்த புதிதிலேயே, பின்னாலேயே பாட்டுப் போட்டியும் வந்து சேர்ந்துவிட்டது. அதற்கு முன்னால் அது ரேடியோவில் இருந்தது. மேஜர் போஸ் என்று ஒருவர். 1934இல் நியூயார்க் வானொலியில் அமெச்சூர் கலைஞர்களைக் கூட்டிவைத்து ஒரு நிகழ்ச்சி தொடங்கினார். பாட்டு சரியில்லை என்று பட்டால் பக்கத்தில் தொங்கும் சேகண்டியை ஓங்கி ஒரு அடி. டங்! கலைச்சேவை முடிந்தது, அடுத்த ஆள் வரலாம். 'உங்க வாய்ஸ்ல ஒரு ஃபீல் இருக்கு, ஆனா...' என்று நடுவர்கள் இழுக்கிற நாகரிகமெல்லாம் அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை.

1946இல் மேஜர் காலமானார். அவரிடம் வேலை பார்த்த டெட் மேக் 1948இல் கடையை அப்படியே டிவிக்கு மாற்றினார். பெயர் 'ஒரிஜினல் அமெச்சூர் ஹவர்'. மேக் சாதுவான மனுஷர். ரம்பத்தை வளைத்து வாசிக்கிறவர், கரண்டியைத் தொடையில் தட்டித் தாளம் போடுகிறவர், குருவி மாதிரி கத்துகிறவர் என்று யார் வந்தாலும் மரியாதையாக மேடையேற்றுவார். வீட்டிலிருந்து பார்க்கிறவர்கள் போனிலும் தபால் கார்டிலும் ஓட்டுப் போடுவார்கள். எஸ்எம்எஸ்ஸுக்குத் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செலவை ஏற்றுக்கொண்டது ஓல்ட் கோல்ட் சிகரெட் கம்பெனி. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஆள் உயர சிகரெட் பாக்கெட் ஒன்று வந்து டான்ஸ் ஆடும். உள்ளே ஒரு பெண் இருப்பார், வெளியே தெரிவது இரண்டு கால்கள் மட்டும். கூடவே ஒரு தீப்பெட்டியும் ஆடும். குழந்தைகள் பாட, சிகரெட் ஆட, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பார்த்தார்கள்.

இந்த மேடையில்தான் 1952இல் அட்லாண்டாவிலிருந்து ஒரு சிறுமி வந்து நின்றாள். பெயர் கிளாடிஸ் நைட், ஏழெட்டு வயசு. அப்பா தபால் துறை ஊழியர், சர்ச் பாட்டுக் குழுக்களில் பாடியவர். பெண் நாலு வயதிலேயே மவுன்ட் மோரியா பாப்டிஸ்ட் சர்ச்சில் பாட ஆரம்பித்துவிட்டது. போட்டிக்கு எடுத்துக்கொண்ட பாட்டு, நாட் கிங் கோல் பாடிப் பிரபலமான 'டூ யங்'. எங்களுக்குக் காதலிக்கிற வயசு வரவில்லை என்று ஊர் பேசுகிறதே என்று ஒரு ஜோடி ஆதங்கப்படுகிற பாட்டு அது. பாடுகிறவளுக்கோ பால் பல் விழுகிற வயசு. ஊர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று யாரும் ஆட்சேபிக்கவில்லை. முதல் பரிசு.

இனப்பிரிவினைச் சட்டங்கள் சுகமாக வாழ்ந்துகொண்டிருந்த ஜார்ஜியாவிலிருந்து போன கறுப்பினச் சிறுமி, நாடு முழுக்கத் தெரிகிற பெட்டியில் ஜெயித்து வந்தாள். சொந்த ஊரில் பஸ்ஸில் எந்த சீட்டில் உட்காரவேண்டும் என்பதில் மட்டும் அந்தக் கோப்பையால் ஒரு மாற்றமும் இல்லை.

இந்த மாதிரிப் போட்டிகளில் ஜெயித்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் துக்கமாக இருக்கும். தோற்றவர்களின் பட்டியல்தான் சுவாரசியம். டெட் மேக்கின் மேடையில் ஆன்-மார்கரெட் தோற்றது, ஒரு இலையை உதட்டில் வைத்து ஊதிக் காட்டிய மனிதரிடம். பக்கத்துச் சேனலில் ஆர்தர் காட்ஃப்ரே நடத்திய போட்டிக்கு 1955இல் எல்விஸ் பிரஸ்லி போனார். தேர்வுச் சுற்றிலேயே, வேண்டாம் தம்பி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1949இல் டெட் மேக் நிகழ்ச்சியில் வயலின் வாசித்த பையன் ஒருவன் பிற்பாடு லூயி ஃபராகான் என்ற பெயரில் 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' என்ற கறுப்பின இயக்கத்தின் தலைவராகி அமெரிக்க அரசாங்கத்தின் தூக்கத்தைக் கெடுத்தான். ஆக, திறமையைக் கண்டுபிடிப்பதில் இந்த நிகழ்ச்சிகளுக்கு இருந்த தீர்க்கதரிசனம் நமக்குத் தெரிந்ததே.

ஜெயித்தும் காணாமல் போகாமல் இருந்த சொற்ப ஆட்களில் கிளாடிஸ் ஒருத்தி. இதற்கு அவர் திறமை காரணம் என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம். எனக்கு வேறு ஒரு சந்தேகம் உண்டு. கர்வம் என்றால் என்ன என்று தெரிகிற வயசுக்கு முன்னாலேயே ஜெயித்துத் தொலைத்துவிட்டார். அதற்கப்புறம் அவருக்கு யாரும் முதல் இடத்தை அவ்வளவு சுலபமாகக் கொடுக்கவில்லை. கொடுக்காமல் பார்த்துக்கொண்ட கைங்கரியத்தில் பெரும் பங்கு டிவியுடையதே.

அதே 1952 செப்டம்பரில் வீட்டில் அண்ணன் மெரால்டுக்குப் பத்தாவது பிறந்தநாள். வீட்டில் கூப்பிடுவது 'பப்பா'. விருந்து நடுவில் ரெக்கார்ட் பிளேயர் படுத்துவிட்டது. சரி, நாமே பாடுவோம் என்று அண்ணன், அக்கா பிரெண்டா, உறவுக்காரப் பிள்ளைகள் வில்லியம் கெஸ்ட், எலனர் கெஸ்ட் எல்லோருமாகப் பாடினார்கள். நன்றாக இருந்தது. குழு உருவாகிவிட்டது. ஜேம்ஸ் வுட்ஸ் என்ற இன்னொரு உறவினரின் செல்லப்பெயர் 'பிப்'. அவர்தான் இதைத் தொழிலாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று தூண்டியவர். அதனால் குழுவுக்கு அவர் பெயரையே வைத்தார்கள்: பிப்ஸ். டிவியில் கோப்பை வாங்கியவள் பெயரை வைக்கலாமே என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. குடும்பம் என்றால் அப்படித்தான்.

1959இல் பிரெண்டாவும் எலனரும் கல்யாணம் காட்சி என்று விலகிக்கொள்ள, எட்வர்ட் பேட்டன் என்ற இன்னொரு உறவினர் உள்ளே வந்தார். 1961இல் முதல் ஹிட், 'எவ்ரி பீட் ஆஃப் மை ஹார்ட்'. இது ஹிட்டான லட்சணத்தையும் சொல்லவேண்டும். அட்லாண்டாவில் ஒரு குட்டிக் கம்பெனிக்காகப் பதிவு செய்தார்கள். அந்தக் கம்பெனி அதை வீ-ஜே என்ற பெரிய கம்பெனிக்கு விற்றுவிட்டது. இவர்கள் நியூயார்க்கில் ஃப்யூரி என்ற கம்பெனியில் சேர்ந்து அதே பாட்டை மறுபடி பாடிக் கொடுத்தார்கள். இரண்டு ரெக்கார்டும் ஒரே சமயத்தில் கடைக்கு வந்தன. சொந்தப் பாட்டோடு தாங்களே போட்டி போட்டு, தாங்களே தோற்று, தாங்களே ஜெயித்தார்கள். ஃப்யூரிக்காரர்தான் முதன்முதலில் உறையில் 'கிளாடிஸ் நைட் அண்ட் தி பிப்ஸ்' என்று அச்சடித்தார். கோப்பை வாங்கி ஒன்பது வருஷம் கழித்து, பெண்ணுக்குப் பெயர் கிடைத்தது.

நடுவில் கல்யாணம், குழந்தைகள், கொஞ்ச நாள் வீட்டோடு இருப்பு, வீட்டுச் செலவு கழுத்தை நெரிக்கவே மறுபடி மேடை. பிப்ஸுக்கு ஆடக் கற்றுக்கொடுத்தவர் சோலி அட்கின்ஸ். பழைய டேப் டான்ஸ் கில்லாடி. அவர் கையில் அடிபட்ட பிறகுதான் அந்த மூன்று பேரின் கையும் காலும் இடுப்பும் ஒரே ஆளுடையவை போல அசையத் தொடங்கின.

1966. டெட்ராய்ட்டின் மோட்டவுன் கம்பெனி கூப்பிட்டது. கறுப்பின இசைக்கு அதுதான் அன்றைக்கு ராஜதர்பார். கிளாடிஸுக்கு இஷ்டமில்லை. அங்கே டயானா ராஸ், டெம்டேஷன்ஸ், ஸ்டீவி வொன்டர் என்று வரிசை நீளம், நம்மைக் கடைசியில் நிறுத்துவார்கள் என்றார். குழுவில் ஓட்டெடுப்பு நடத்தினார்கள். மூன்றுக்கு ஒன்று. ஊர் பேர் தெரியாத அமெரிக்கர்கள் எல்லாம் கார்டு போட்டு ஜெயிக்கவைத்த பெண்ணுக்குக் கூடப்பிறந்தவன் ஓட்டுப் போடவில்லை.

போனார்கள். கடைசியில் நிறுத்தினார்கள். 'சோல்' என்ற கிளை லேபிளில் போட்டார்கள்.

மோட்டவுனில் வாரந்தோறும் ஒரு கூட்டம் நடக்கும். முதலாளி பெர்ரி கோர்டி புதுப் பாட்டுகளைப் போட்டுக் காட்டி, பையில் கடைசி ஒரு டாலர் இருந்தால் இந்த ரெக்கார்டை வாங்குவீர்களா, சாண்ட்விச் வாங்குவீர்களா என்று கேட்பார். கலைக்கு இதைவிட நேர்மையான அளவுகோல் இன்றுவரை வரவில்லை. 'ஐ ஹேர்ட் இட் த்ரூ தி கிரேப்வைன்' என்ற பாட்டை மார்வின் கே பாடிப் பதிவு செய்து வைத்திருந்தார். கோர்டி வேண்டாம் என்று கிடப்பில் போட்டார். பாட்டை எழுதிய இருவரில் ஒருவரான நார்மன் விட்ஃபீல்ட் விடாக்கண்டர். கிளாடிஸிடம் கொண்டுவந்தார். இவர்கள் அதை வேறு வேகத்தில், சர்ச்சில் கைதட்டிப் பாடுகிற உற்சாகத்தில் பாடிக் கொடுக்க, 1967 கடைசியில் ரெக்கார்ட் பிய்த்துக்கொண்டு போனது. கறுப்பின இசைப் பட்டியலில் முதல் இடம். நாட்டின் பொதுப் பட்டியலில் இரண்டாம் இடம்.

முதல் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது யார் தெரியுமா? மங்கீஸ். ஒரு டிவி தொடருக்காகப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, ஆள் எடுத்து உருவாக்கிய நாலு பையன்கள். டிவி தன் கணக்கில் முதல் தவணையை வசூலித்தது.

கதை அதோடு நிற்கவில்லை. அடுத்த வருஷம் மார்வின் கேயின் கிடப்புப் பதிவு ஒரு ஆல்பத்தின் மூலையில் நைசாக நுழைந்தது. ரேடியோக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். தனியாக வெளியிட்டார்கள். ஏழு வாரம் முதல் இடம்! இன்றைக்கு அந்தப் பாட்டைச் சொன்னால் உலகத்தில் முக்கால்வாசிப் பேருக்கு மார்வின்தான் ஞாபகம் வருவார். கிளாடிஸ் இதைச் சிரித்த முகத்தோடு ஏற்றுக்கொண்டார் என்று எழுத ஆசைதான். ஏற்றுக்கொள்ளவில்லை. நானாக இருந்தால் நானும் மாட்டேன்.

டயானா ராஸ் கதை தனி. சுப்ரீம்ஸ் சுற்றுப்பயணத்தில் இவர்கள் முதலில் பாடி முடிக்க, கைதட்டல் அளவுக்கு மீறிப் போனதால் தங்களை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள் என்று கிளாடிஸ் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இன்னொன்று, ஜாக்சன் சகோதரர்கள். அந்தப் பொடியன்களைப் பற்றி மோட்டவுனில் முதலில் சொன்னது நான் என்பது கிளாடிஸ் கட்சி. 1969இல் வெளிவந்த ஆல்பத்தின் பெயரோ 'டயானா ராஸ் வழங்கும் ஜாக்சன் 5'. நல்லவேளை, டெட் மேக் கோப்பையை வாங்கியதும் டயானாதான் என்று யாரும் அச்சடிக்கவில்லை.

1973இல் மோட்டவுனுக்குக் கும்பிடு போட்டுவிட்டு புத்தா ரெக்கார்ட்ஸுக்குப் போனார்கள். கிளம்புகிற சமயத்தில் மோட்டவுனில் பாடிய கடைசிப் பாட்டுகளில் ஒன்றான 'நைதர் ஒன் ஆஃப் அஸ்' மேலே ஏறியது. எங்கே போய் நின்றது? இரண்டாம் இடத்தில். இந்த முறை முன்னால் நின்றவர் விக்கி லாரன்ஸ். பாடகியே இல்லை, கேரல் பர்னெட்டின் டிவி காமெடி நிகழ்ச்சியில் நடித்துக்கொண்டிருந்தவர். அவர் பாடிய பாட்டு, ஜார்ஜியாவில் விளக்கணைந்த ஒரு ராத்திரியைப் பற்றியது. ஜார்ஜியாவில் பிறந்து வளர்ந்து சர்ச் சர்ச்சாகப் பாடியவரை ஜார்ஜியாவைப் பற்றிப் பாடி ஒரு டிவி நடிகை தோற்கடித்தார். இரண்டாவது தவணை.

இனி அந்த ரயில் பாட்டு. ஜிம் வெதர்லி என்று ஒரு பாட்டாசிரியர். கல்லூரிக் காலத்தில் மிசிசிப்பியில் கால்பந்து ஆடியவர், அமெரிக்கக் கால்பந்து. ஒருநாள் தன் நண்பரும் நடிகருமான லீ மேஜர்ஸ் வீட்டுக்குப் போன் போட்டார். எடுத்தது மேஜர்ஸின் காதலி ஃபாரா ஃபாசெட். பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன், நள்ளிரவு விமானத்தில் ஹூஸ்டன் போகிறேன் என்றார். வெதர்லி போனை வைத்துவிட்டு, சுடச்சுட 'மிட்நைட் பிளேன் டு ஹூஸ்டன்' என்று பாட்டே எழுதிவிட்டார். அதை சிஸ்ஸி ஹூஸ்டன் பாட வந்தபோது விமானம் ரயிலானது, ஹூஸ்டன் ஜார்ஜியாவானது. ஹூஸ்டன் என்ற பெயருடையவர் ஹூஸ்டனுக்குப் போவதாகப் பாடினால் கேட்பவர்களுக்குக் குழப்பம் வரும் என்று யாராவது கவலைப்பட்டிருந்தால் ஆச்சரியமில்லை. பிறகு அந்த ரயில் கிளாடிஸிடம் வந்தது. 1973 அக்டோபர் 27, 'மிட்நைட் டிரெயின் டு ஜார்ஜியா' நாட்டின் பொதுப் பட்டியலில் முதல் இடம். அந்த வாரம் டிவியில் யாரும் பாடாமல் இருந்திருக்கவேண்டும்.

அந்தப் பாட்டை மேடையில் பார்க்கவேண்டும். முன்னால் கிளாடிஸ் ஒரே இடத்தில் நின்று, பெரிதாக அலட்டிக்கொள்ளாமல், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் குடும்ப விஷயம் சொல்கிறமாதிரி பாடுவார். பின்னால் மூன்று பேர், ஒரே மாதிரிக் கோட்டு சூட்டு. வில்லுப்பாட்டில் தலைவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போட்டு அதையே திருப்பிச் சொல்வாரே, அதுதான் இவர்கள் உத்தியோகம். அவர் சொல்கிற ஒவ்வொரு செய்திக்கும் இவர்கள் சாட்சி சொல்கிறார்கள், வழிமொழிகிறார்கள், பாதி வாக்கியத்தில் உள்ளே புகுந்து விளக்கம் கொடுக்கிறார்கள். ரயில் என்ற பேச்சு வந்ததும் மூவரும் சங்கிலி இழுக்கிற மாதிரிக் கையை மேலே தூக்கி, ரயில் ஊதுகிற சத்தத்தை வாயாலேயே கொடுப்பார்கள். கோட்டு சூட்டு போட்ட ஆண்கள் 'ஊ ஊ' என்று கத்தி இவ்வளவு கம்பீரமாகத் தெரிந்தது இசை வரலாற்றில் வேறெங்கும் கிடையாது. அடுத்த வருஷம் ஒரே இரவில் இரண்டு கிராமி. ஒன்று மோட்டவுனில் பாடிய பாட்டுக்கு, இன்னொன்று மோட்டவுனை விட்டுவந்த பிறகு பாடிய பாட்டுக்கு.

1977இல் நகைச்சுவை மன்னர் ரிச்சர்ட் பிரையர் தன் டிவி நிகழ்ச்சிக்கு பிப்ஸை மட்டும் கூப்பிட்டார். கிளாடிஸ் இல்லை. மூன்று பேரும் வந்தார்கள், வழக்கமான இடத்தில், வழக்கமான உடையில். இசை ஆரம்பித்தது. இவர்கள் தங்கள் பாகத்தை மட்டும், எழுத்துப் பிசகாமல், அதே ஆட்டத்தோடு பாடினார்கள். கிளாடிஸ் பாடவேண்டிய இடங்களில் கேமரா நகர்ந்து போய் ஒரு மைக்கைக் காட்டும். தனியாக, ஆள் இல்லாத மைக். இசை போய்க்கொண்டே இருக்கும். பிறகு பிப்ஸ் 'ஊ ஊ'. ஒரு பாடகிக்கு டிவி செலுத்திய ஆகச் சிறந்த மரியாதை அதுதான் என்பேன். அந்த மேடையில் அவர் இல்லவே இல்லை, ஆனாலும் பாட்டு அவருடையதாக இருந்தது.

அப்புறம் புத்தா கம்பெனியோடு வழக்கு வந்தது. 1980 வரை கிளாடிஸும் பிப்ஸும் சேர்ந்து ரெக்கார்ட் போடமுடியாமல் போயிற்று. பிப்ஸ் தனியாக இரண்டு ஆல்பம் போட்டார்கள். மைக் மாதிரியே அதையும் யாரும் சீண்டவில்லை. மறுபடி சேர்ந்தார்கள், பாடினார்கள், 1980களின் கடைசியில் 'லவ் ஓவர்போர்ட்' என்று ஒரு பாட்டு, அதற்கொரு கிராமி. அதோடு சண்டை சச்சரவில்லாமல் பிரிந்தார்கள். பிறந்தநாள் விருந்தில் தொடங்கிய குழு ஏறக்குறைய 37 வருஷம் ஓடியிருந்தது. பெரும்பாலான குடும்பங்களில் சொத்து பிரிக்காமல் இவ்வளவு காலம் தாங்குவதில்லை. ஜேம்ஸ் பாண்டுக்கும் ஒரு பாட்டுப் பாடினார், 1989இல், 'லைசன்ஸ் டு கில்'.

அந்தச் சமயத்தில் நடந்த ஒரு சின்ன விஷயம். கிளாடிஸ் வீட்டு உறவில் ஒரு பெண் குழந்தை, பெயர் ஆலியா. பத்து வயதில் 'ஸ்டார் சர்ச்' என்ற டிவி போட்டிக்குப் போய்த் தோற்றுவிட்டு வந்தாள். பதினோரு வயதில் கிளாடிஸ் அவளை லாஸ் வேகாஸுக்குக் கூட்டிப்போய், தன் நிகழ்ச்சியிலேயே ஐந்து இரவுகள் பாடவைத்தார். போட்டியில் ஜெயித்த அத்தை முறைக்காரர் வேறு யாராவது இருந்தால், அழாதே கண்ணு, அடுத்த சீசன் பார்த்துக்கலாம் என்பார்கள். இவர் மைக்கை எடுத்துக் கையில் கொடுத்தார். ஆலியா 1990களின் பெரிய நட்சத்திரங்களில் ஒருவரானது பிற்பாடு.

வேகாஸ் அவருக்கு ஒத்துக்கொண்டது. அங்கே டிராபிகானா ஹோட்டலில் ஒரு அரங்குக்கே அவர் பெயரை வைத்தார்கள். 2009இல் இங்கிலாந்துக்குப் போய் 'பிரியாவிடைச் சுற்றுப்பயணம்' என்று போஸ்டர் அடித்துப் பாடினார். ரசிகர்கள் கண்கலங்கி வழியனுப்பினார்கள். அதற்குப் பிறகும் வந்து பாடினார், பலமுறை. அழுத கண்ணீரை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

2012இல் புத்தி கெட்டு மறுபடி டிவி போட்டிக்குப் போனார். பாட்டுப் போட்டி என்றாலாவது போகட்டும், 'டான்சிங் வித் தி ஸ்டார்ஸ்'. பின்னால் ஆட மூன்று பேரை வைத்துக்கொண்டு அரை ஆயுள் நின்ற இடத்தில் நின்றவர், அறுபத்தெட்டை நெருங்குகிற வயதில் ஆடப் போனால் என்ன ஆகும்? பாதி வழியில் வெளியே அனுப்பினார்கள். பிப்ஸை அனுப்பியிருந்தால் கோப்பை வந்திருக்கும்.

அதிலும் ஆசை அடங்கவில்லை. 2019இல் 'மாஸ்க்டு சிங்கர்'. தலையோடு காலாக வேடம் போட்டுக்கொண்டு, ஆள் யாரென்று தெரியாமல் பாடவேண்டும், நடுவர்கள் கண்டுபிடிக்கவேண்டும். கிளாடிஸ் போட்டது தேனீ வேடம். பெரிய கண், உணர்கொம்பு, சிறகு. உள்ளே 74 வயது. வாயைத் திறந்த மறுகணமே வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த பாதிப் பேருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அந்தக் குரலை முகமூடி போட்டு மறைப்பது நடக்கிற காரியமா? அந்தச் சீசன் ஓடிக்கொண்டிருந்தபோதே, பிப்ரவரி 3ஆம் தேதி, சொந்த ஊர் அட்லாண்டாவில் நடந்த சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தில் முகமூடி இல்லாமல் தேசிய கீதம் பாடினார். பாட எத்தனை விநாடி எடுத்துக்கொள்வார் என்று அமெரிக்காவே பந்தயம் கட்டியது. நிறுத்தி நிதானமாக இரண்டு நிமிஷம் பாடினார்.

பிப்ரவரி 27, 'மாஸ்க்டு சிங்கர்' இறுதிச் சுற்று. தேனீக்கு மூன்றாம் இடம். இரண்டாவது வந்தவர் டானி ஆஸ்மண்ட், சின்ன வயதிலிருந்தே டிவியில் வளர்ந்தவர். முதல் பரிசு டி-பெயின். யார் என்கிறீர்களா? சுருதியைக் கம்ப்யூட்டரால் வளைத்துப் போடுகிற ஆட்டோ-டியூன் கருவியை உலகம் முழுக்கப் பரப்பிய புண்ணியவான். அது இல்லாமலும் தனக்குப் பாட வரும் என்று நிரூபிக்கத்தான் அவர் வந்தார், நிரூபித்தும் காட்டினார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் 1952இல் ஜெயித்தவர் 67 வருஷ அனுபவத்தோடு வந்து மூன்றாம் இடம் என்றால், டிவி கணக்கைப் பைசா பாக்கியில்லாமல் தீர்த்துக்கொண்டது என்றுதான் சொல்லவேண்டும்.

2022 டிசம்பரில் வாஷிங்டன் கென்னடி சென்டரில் வாழ்நாள் கௌரவம் கொடுத்தார்கள். அது போட்டி கிடையாது, அதனால் கிடைத்தது. 2025இல் சாகா கான், பாட்டி லாபெல், ஸ்டெஃபனி மில்ஸ் மூவரோடும் கூட்டணி சேர்ந்து ஊர் ஊராகப் பாடப் புறப்பட்டார். ஸ்டெஃபனியும் சின்ன வயதில் ஹார்லெமின் அப்பல்லோ தியேட்டர் போட்டியில் வாராவாரம் ஜெயித்தவர்தான். பயணம் தொடங்கிய அந்த மே மாதம் 28ஆம் தேதி கிளாடிஸுக்கு 81 வயது நிறைந்தது.